எடைக்கல்லையும் சோதிக்க வேண்டும்

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், பூட்டுக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கிற ஓர் அறைதான் தராசம்மாவின் பட்டறை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். காய்கறிக் கடையோ, கறிக்கடையோ, பழைய பேப்பர் கடையோ, யார் தராசு மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வந்தாக வேண்டும். சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளி கடையை மூடியபோது சாமான்களை எல்லாம் தானே வாங்கிப் போட்டு, தலை நரைக்கிற வரைக்கும் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. எந்தத் தராசையும் எடுத்த எடுப்பில் நம்ப மாட்டாள். கடைக்காரர் கண்ணீர் விட்டாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி. தேக்குப் பெட்டியைத் திறந்து, துணியால் பிடித்து ஒரு பித்தளை எடைக்கல்லை எடுத்துத் தட்டில் வைப்பாள். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். முள்ளும் கல்லும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு தராசு மேல்தான். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் பேசும். வேலை முடிந்ததும் எல்லோரிடமும் ஒரே வாசகம்தான் சொல்வாள்.

"சரியா இருக்கு. நிம்மதியா வியாபாரம் பண்ணுங்க."

அந்தக் கற்களைத் தராசம்மா வெறும் கையால் தொட்டதில்லை. விரல் வேர்வை பட்டாலே கல்லுக்கு ஆகாதாம். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை அளவு ஆபீசுக்குப் போய், ஒவ்வொரு கல்லையும் சோதித்து முத்திரை வாங்கி வருவாள். ஒரு வருஷம் கூடத் தவறியதில்லை. "நல்ல கல்லுதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று யாராவது கேட்டால் போதும், அரைமணி நேரப் பிரசங்கம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஊரெல்லாம் கேட்க, எட்டி எட்டி ஹாரன் அடித்துக் கத்துகிற பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சிரித்த முகமாக வீடு திரும்புகிற மனிதர். அவருக்கு ரொம்ப நாளாகப் பிரஷர். காலையில் ஒரு மாத்திரை, சாப்பாட்டில் உப்புக் குறைவு, வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டிலேயே அளந்து பார்ப்பது என்று ஓடிக்கொண்டிருந்தது. அளப்பது தராசம்மாதான். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, காதில் குழாயை மாட்டிக்கொண்டு, டொக் டொக் என்ற சத்தம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே அடங்குகிறது என்று முள்ளைப் பார்க்கிற அந்தப் பழைய வகை மெஷின். கிளினிக் சிஸ்டர் ஒரு தடவை சொல்லிக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டுவிட்டாள். முள் வைத்த எதுவும் அவளுக்குப் புதிதில்லையே.

அந்த மெஷினின் குழாய் ஒரு நாள் விண்டுபோனது. புதிதாக ஒன்று வாங்கினார்கள். வினையும் கூடவே வீட்டுக்குள் வந்தது.

புது மெஷினில் முதல் தடவை அளந்ததும் தராசம்மா புருவத்தைச் சுருக்கினாள். "நூத்தி அம்பது காட்டுதுங்க."

"நூத்தி அம்பதா?" வேன்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "மாத்திரை ஒரு நாள் விட்டதில்ல. உப்பு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. இதுக்கு மேல நான் என்னதான் பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். எனக்கு இந்த மெஷின் மேலதான் சந்தேகம்."

மெஷினைச் சந்தேகப்பட்டால் சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டுமென்றால் எடைக்கல் வேண்டும். பிரஷருக்கு எடைக்கல்லுக்கு எங்கே போவது? சரியான பிரஷர் உள்ள ஓர் ஆள்தான் அதற்குக் கல். மகளை நினைத்துப் பார்த்தாள். ரத்ததானம் கொடுக்கப் போன இடத்தில் பிரஷர் கம்மி என்று திருப்பி அனுப்பப்பட்டவள் அவள். குறைந்த கல்லை வைத்து எந்த மெக்கானிக் வேலை செய்வான்? மீதி இருப்பது ஒரே ஆள்தான்.

"என் பிரஷர் எப்பவும் சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிப் பட்டையைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டாள்.

அப்படி நம்புவதற்கு அவளிடம் காரணம் இருந்தது. மாடிப்படியை இன்றைக்கும் இரண்டிரண்டாக ஏறுகிறவள். தலைவலி என்று ஒரு பொழுது படுத்தவளில்லை. அவளுக்குப் பிரஷர் ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, மகள் வயிற்றில் இருந்தபோது. எட்டாம் மாதம் முகமெல்லாம் வீங்கி, கண் முன்னால் பூச்சி பறந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீரில் புரதச் சத்து போகிறது, பிரஷர் எக்கச்சக்கம், இனிமேல் காத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நாள் ஆகும் முன்னாலேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குழந்தை. நர்ஸ் வந்து எடையைச் சொன்னபோது, அரை மயக்கத்தில் கிடந்த தாய் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தராசு சரியா இருக்கான்னு பாத்தீங்களா?" இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் வீட்டில் சிரிப்பார்கள்.

குழந்தையைத் தினமும் எடை போட்டார்கள். ஒவ்வொரு கிராம் எடைக்கும் சந்தோஷப்பட்டார்கள். தாய்க்குப் பிரஷர் தானாக இறங்கியது. வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு ஒரு நர்ஸ் பட்டையைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் எறங்கிடுச்சும்மா. சரியா இருக்கு. இனிமே கொழந்தையைப் பாத்துக்கங்க," என்று சொன்னாள். தராசம்மாவும் சொன்ன சொல்லைத் தட்டாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். மகளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. இத்தனை வருஷத்தில் தாயின் கையில் அந்தப் பட்டையை இன்னொரு தடவை யாரும் சுற்றவில்லை. சுற்றச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

இப்போது தானே சுற்றிக்கொண்டு, பந்தை அமுக்கி, காற்றை மெதுவாக விட்டாள். டொக் டொக் சத்தம் நூற்று அறுபதைத் தாண்டிய இடத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

தராசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா? எனக்கே நூத்தி அறுபதுக்கு மேல காட்டுது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம், இது கூடக் காட்டற மெஷின்."

வேன்காரருக்கு மனசு லேசாகிவிட்டது. "அதானே பாத்தேன்!"

மெஷினைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாள். உள்ளே பார்த்தால் அவளுக்குப் பழகின சங்கதிதான். ஸ்பிரிங் தராசுக்குள் இருக்கிற மாதிரியே பல்சக்கரம், அதைத் தள்ளுகிற சின்னக் கை, அந்தக் கையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பொடித் திருகு. முள் பூஜ்யத்தில் ஒழுங்காக நிற்க வேண்டும், மேலே போகப்போக மட்டும் குறைத்துக் காட்ட வேண்டும். அது அவளுக்குக் கைவந்த வேலை. திருகுவாள், தன் கையில் சுற்றிப் பார்ப்பாள், மறுபடி திருகுவாள். நூற்று இருபதில் வந்து நின்றதும் மூடியை மாட்டினாள். பழக்கதோஷம், "சரியா இருக்கு," என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்று சாயங்காலம் வேன்காரருக்கு அளந்தபோது நூற்றுப் பத்துதான் காட்டியது. மனிதர் துள்ளிக் குதிக்காத குறை. உப்பு டப்பா சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பி வந்தது. அடுத்த வாரமும் நூற்றுப் பத்து. "இவ்வளவு கம்மியா இருந்தா தலை சுத்தும்," என்று தானாகவே முடிவு கட்டி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தார். யாரைக் கேட்டார்? யாரையும் கேட்கவில்லை. மனைவி சரிபார்த்த மெஷின் சொல்கிறதே, அப்புறம் டாக்டர் எதற்கு?

அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் டாக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. வேன்காரர் மாப்பிள்ளை மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளினிக்குக் கிளம்பினார். திரும்பி வந்தபோது மூஞ்சி தொங்கிப்போயிருந்தது.

"நூத்தி எழுபதாம். இந்த நெலமையில வண்டி ஓட்டக் கூடாதாம். சான்றிதழ் தர முடியாதுன்னுட்டாங்க."

தராசம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "அவங்க மெஷினை யாராவது சோதிச்சிருக்காங்களா? முதல்ல அதைக் கேட்டீங்களா? வாங்க என்கூட."

கிளினிக் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் சிஸ்டர். கழுத்துவலிக்காரர் ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தும் தராசம்மா உட்காரவில்லை.

"சிஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மெஷின் கூடக் காட்டுது."

சிஸ்டருக்கு அவளைத் தெரியும். கிளினிக்கில் ஆள் எடை பார்க்கிற மெஷினைச் சரிபார்த்துக் கொடுத்ததே தராசம்மாதான். "அப்படியா? எப்படிச் சொல்றீங்க?"

"வீட்டுல இவருக்கு நூத்திப் பத்து. இங்க நூத்தி எழுபது. நான் எவ்வளவு காலமா இதே தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா? வேணும்னா என் கையில போட்டுப் பாருங்க. எனக்கு நூத்தி இருபது காட்டணும். காட்டலேன்னா மெஷின் தப்பு."

 சிஸ்டர் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வைத்து, பட்டையைச் சுற்றினாள். அளந்ததும் அவள் முகம் மாறியது. இன்னொரு தடவை அளந்தாள்.

"நூத்தி அறுபத்தெட்டு, நூத்தி நாலு."

"பாத்தீங்களா!" தராசம்மா ஜெயித்துவிட்ட குரலில் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் தலையாட்டக்கூடச் செய்தார்கள். "நான் சொல்லல?"

சிஸ்டர் அதே பட்டையைத் தன் கையில் சுற்றி அளந்தாள். நூற்றுப் பதினெட்டு. அலமாரியிலிருந்து வேறொரு மெஷினை எடுத்துத் தராசம்மாவுக்குச் சுற்றினாள். நூற்று அறுபத்தாறு. அறைக்குள்ளிருந்து டாக்டரம்மா தன் மெஷினோடு எழுந்து வந்தார். பாட்டரியில் ஓடுகிற மெஷின் அது, யார் காதையும் நம்பாதது. அதுவும் அதையேதான் சொன்னது.



இந்த மாதிரி ஒரு நிலைமை தராசம்மாவுக்குத் தொழிலில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. தராசு தப்பு என்று கடைக்காரர் சண்டைக்கு வருவார். அவர் கொண்டுவந்த கல்லையே வாங்கி ஒரு தராசில் வைப்பாள், அடுத்ததில் வைப்பாள், மூன்றாவதிலும் வைப்பாள். மூன்றும் ஒன்றையே சொன்னால், அதற்கு மேல் பேச்சே இல்லை. "தராசைத் திட்டாதீங்க, உங்க கல்லுதான் தேஞ்சுபோச்சு," என்று சொல்லிக் கையில் கொடுத்து அனுப்புவாள். வீம்பு பிடித்த ஆட்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கவும் செய்வாள். இப்போது கூடத்தில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற கல் அவளேதான்.

அடுத்த நொடியே இன்னொன்றும் உறைத்தது. வீட்டு மெஷினை இந்தக் கல்லை வைத்துத்தானே திருகினாள்? அந்த மெஷின் சொன்னதை நம்பித்தானே இந்த மனுஷன் மாத்திரையை உடைத்தார்? அந்தப் பாதி மாத்திரையோடுதானே தினமும் வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்? 

"டாக்டரம்மா, தப்புப் பண்ணிட்டேன்," என்றாள்.  "வீட்டு மெஷினை நான்தான் திருகி வச்சேன். இவர் மேல தப்பில்ல."

டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். முழுக் கதையையும் கேட்டார். கேட்கிறபோது ஒரு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டார், அது சிரிப்பை அடக்கவா கோபத்தை அடக்கவா என்று தெரியவில்லை. முதலில் வேன்காரருக்கு நல்ல டோஸ் விழுந்தது. மாத்திரையை உடைக்கச் சொன்னது யார், இன்றையிலிருந்து முழு மாத்திரை, பிரஷர் இறங்குகிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அவர் தப்புச் செய்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அப்புறம் தராசம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இதுக்கு முன்னாடி எப்பவாவது பிரஷர் இருந்திருக்கா?"

"இல்லீங்க."

"கொழந்தை உண்டாகியிருந்தப்ப?"

"அப்ப ஏறிச்சு. ரொம்பவே ஏறிச்சு. அது கொழந்தை பொறந்ததும் போயிடுச்சே. அந்தக் கணக்கு அன்னிக்கே முடிஞ்சுபோச்சு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "முடியலம்மா. அந்த மாதிரி பிரஷர் ஏறி, சிறுநீர்ல சத்து போயி, அவசரமாப் பிரசவம் ஆனவங்களுக்கு, மத்தவங்களை விடப் பின்னால பிரஷர் வர வாய்ப்பு அதிகம். இதய நோய், பக்கவாதம், கிட்னி கோளாறு இதுக்கெல்லாமும் அப்படித்தான். கர்ப்பத்துல சுகர் வந்தவங்களுக்கும் பின்னால நிரந்தரமா சுகர் வரலாம். வந்தே தீரும்னு அர்த்தமில்ல. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாத்துக்கிட்டே இருக்கணும்."

"யாரும் சொல்லலியே."

"சொல்லியிருக்கணும். அப்ப எல்லாரும் கொழந்தையைத்தான் பாத்துக்கிட்டிருந்திருப்பாங்க."

"நானும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் தராசம்மா.  "டாக்டரம்மா, பெரிய தராசுக்கு முழு பாரம் ஏத்திப் பாக்கணும்னு ஒண்ணு உண்டு. சின்னக் கல்லு வச்சா எல்லாத் தராசும் ஒழுங்காத்தான் நிக்கும். முழு பாரம் ஏத்தினாத்தான் எது ஆடுது, எது தாங்குதுன்னு தெரியும். பாரத்தை எறக்கினதும் முள்ளு திரும்பி பூஜ்யத்துல வந்து நின்னுடும். ஆனா ஆடின தராசு ஆடினதுதான். அதைத் தனியாக் கவனிக்கணும்."

"அதேதான்மா. கர்ப்பம் உடம்புக்கு முழு பாரம். உங்க உடம்பு அப்பவே ஆடிக் காட்டிடுச்சு."

ஒரு நாள் அளந்ததை வைத்து முடிவு கட்ட மாட்டேன், நாளைக்கும் மறுநாளும் காலையில் வாருங்கள் என்றார். ரத்தம், சிறுநீர், இதயத்துக்கு ஒரு வரைபடம், கண்ணுக்குள் லைட் அடித்து ஒரு சோதனை என்று எழுதிக் கொடுத்தார். இவ்வளவு காலம் ஏறியிருந்த பிரஷர் உள்ளே எதையாவது கெடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எவ்வளவு காலமாக ஏறியிருக்கிறது என்று கேட்டாள் தராசம்மா. அதைச் சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை என்றார் டாக்டரம்மா.

முடிவு வருகிற வரைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. கறிக்கடைக்காரர் கொண்டுவந்த தராசைத் திறந்து வைத்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று மறந்துபோனாள். மனசு போகாத இடமெல்லாம் போனது. கிட்னி போயிருந்தால்? இதயம் பலவீனமாகியிருந்தால்? படிகளை இரண்டிரண்டாக ஏறினோமே, அந்த நெஞ்சு எதைத் தாங்கிக்கொண்டு ஏறியது? அதைவிட மோசம், கண்ணை மூடினால் வேன் தெரிந்தது. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுகிற பிள்ளைகள் தெரிந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தும் அந்தக் காட்சி போக மறுத்தது. பயந்துதான் போயிருந்தாள். பயம் என்று சொன்னால் மற்றவர்களும் பயப்படுவார்களே என்று வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

மகள் ஒரு ஏஜென்சியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை பார்ப்பவள். சோதனைகள் எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா எல்லாம் சொன்னாரு. அப்ப இது என்னாலதானம்மா?"

"என்னது உன்னால?"

"நான் வயித்துல இருந்தப்பதானே ஆரம்பிச்சுது? நீயே சொல்வியே, வரும்போதே என்னைப் புரட்டிப் போட்டுட்டு வந்தவன்னு."

வேடிக்கைக்குச் சொன்னதெல்லாம் இப்படி வந்து நிற்கும் என்று தராசம்மா நினைத்தே பார்க்கவில்லை. மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாரு. பாரம் ஏத்தறதாலயா தராசு கெட்டுப்போகுது? உள்ள இருக்கிற கோளாறை அது வெளிய காட்டுது, அவ்வளவுதான். நீ வந்ததாலதான் எனக்குத் தெரிஞ்சுக்க ஒரு வாய்ப்புக் கெடச்சுது. தெரிஞ்சுக்காம விட்டது நான். கவனமா இருன்னு சொல்லாம விட்டது அவங்க. நீ என்னடி பண்ணுவ, உள்ளங்கை அளவு இருந்துக்கிட்டு?"

மகள் அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள். "அந்தத் தராசு சரியா இருந்துச்சான்னு கடைசிவரைக்கும் யாராவது பாத்தாங்களா?"

"நானே போய்ப் பாத்தேன், தையல் பிரிக்கிறதுக்கு முன்னாடியே. சரியாத்தான் இருந்துச்சு." தராசம்மா மகளின் தலையைக் கோதிவிட்டாள். "உனக்கொரு கொழந்தைன்னு வரும்போது, எங்கம்மாவுக்கு இப்படி இருந்துச்சுன்னு முதல் நாளே டாக்டர்கிட்ட சொல்லிடு. எனக்காக இல்ல, உனக்காக."

முடிவுகளை வாங்கப் போன அன்றைக்கு வேன்காரர் அவளைவிட வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். அவர் திருப்புகிற வேகத்துக்கு ஒரு தராசையே பிரித்து மாட்டிவிடலாம் போலிருந்தது.

"கிட்னி நல்லா இருக்கு," என்றார். அடுத்த தாள். "இதயம் நல்லா இருக்கு. சுகர் இல்ல." கடைசித் தாள். "கண்ணுலயும் ஒண்ணுமில்ல."

"அப்ப?"

"பிரஷர் மட்டும் இருக்கு. அது நிஜமாவே இருக்கு, உங்களைச் சும்மா விட மாட்டேன். தினம் ஒரு மாத்திரை, உப்புக் குறைக்கணும், நடக்கணும். ஆனா இன்னும் எதையும் கெடுக்கல. இப்படியே இன்னும் கொஞ்ச வருஷம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது. நல்ல நேரத்துல வந்து மாட்டிக்கிட்டீங்க."

தராசம்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.  வேன்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். இனிமே அவளுக்கும் உப்புக் கிடையாதில்ல?"

"கிடையாது."

"கூடவே நடக்கணுமில்ல?"

"கண்டிப்பா."

"அப்பாடா," என்று நாற்காலியில் சாய்ந்தார் மனிதர். "இத்தனை வருஷமா தனியாளா மாட்டிக்கிட்டு முழிச்சேன். இப்பதான் துணை கெடச்சுது." தராசம்மா அவர் தொடையில் கிள்ளினாள். கிள்ளிக்கொண்டே அழுதுவிட்டாள், டாக்டரம்மா தண்ணீர் கொடுக்கிற அளவுக்கு.

வீட்டு மெஷினைக் கிளினிக்குக்கே எடுத்துப்போய், சிஸ்டரின் மெஷினைப் பக்கத்தில் வைத்து, அந்தப் பொடித் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். இந்தத் தடவை சிஸ்டர்தான் கல். கொஞ்ச நாளில் வேன்காரரின் பிரஷர் ஒழுங்குக்கு வந்து, சான்றிதழும் வந்தது. பிள்ளைகள் வழக்கம்போல ஹாரன் அடித்தார்கள். உப்பு டப்பா மேல்தட்டில், யாருக்கும் எட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருஷம் எடைக்கற்களை ஆபீசுக்குக் கொண்டுபோகிற நாள் வந்தது. தராசம்மா தேக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். ஆபீசில் ஒவ்வொரு கல்லாகச் சோதித்தார்கள். ஒரு சின்னக் கல் மட்டும் மயிரிழை தேய்ந்திருந்தது, அதைச் சரிசெய்து முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். பெட்டியை மூடிக்கொண்டு வேனுக்குத் திரும்பினாள். வேன் பட்டறைச் சந்துக்குத் திரும்பாமல் நேராகப் போனது.

"எங்க போறீங்க?"

"கல்லுக்கு ஆச்சு. உனக்கு ஆக வேணாமா? வருஷாந்திரச் சோதனை இன்னிக்குத்தான். சிஸ்டர்கிட்ட நேத்தே சொல்லி வச்சாச்சு."

"இப்பதானே போன மாசம் மாத்திரை வாங்கறப்ப அளந்தாங்க? வீட்டுலயும் தினம் அளக்கிறேன்."

"அது அளக்கிறது. இது ரத்தம், சிறுநீர், இதயம், எல்லாம் சேத்து. நல்ல கல்லுதானே, என்ன ஆகிடப் போகுதுன்னு கேக்கப் போறியா? கேளு. அரைமணி நேரம் பேசறதுக்கு நானும் தயாராத்தான் வந்திருக்கேன்."

தராசம்மா சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளினிக் மூலையில் அதே நாற்காலி. பெட்டியைக் கீழே வைக்க மனசில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். சிஸ்டர் பட்டையைச் சுற்றி, பந்தை அமுக்கி, காற்றை விட்டாள். தராசம்மா முள்ளைப் பார்க்கவில்லை. எத்தனை முட்களைப் பார்த்தவள், இதைப் பார்க்க மட்டும் துணிச்சல் வரவில்லை. சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நூத்தி இருபத்தி ரெண்டு, எழுபத்தெட்டு. சரியா இருக்கும்மா."

மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு அவள் சொல்லியிருக்கிற வார்த்தை. அதைக் கேட்கிறவர்களுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று இத்தனை காலத்தில் அவள் யோசித்ததே இல்லை. இப்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. துடைத்துக்கொள்ளத் தோன்றாமல், பட்டை சுற்றின கையால் மடியில் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

வேன்காரர் பின்னாலிருந்து குனிந்து, அவள் வாசகத்தின் மீதியை அவள் குரலிலேயே சொன்னார்.

"நிம்மதியா வியாபாரம் பண்ணுங்க."